திறமூல மென்பொருளுக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்?

மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமத்துடன் வெளியிடப்படுவது திறமூல மென்பொருள். பெரும்பாலும் பணம் கட்டாமலே கிடைப்பதால், ஆர்வலர்கள் ஓய்வு நேரத்தில் செய்துதரும் தொண்டு இது என்று பலர் நினைக்கின்றனர். தொடக்கத்தில் பெருமளவு அப்படித்தான் இருந்தது. 1991இல் லினக்ஸை வெளியிட்டபோது லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர். இன்று லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் சேரும் மாற்றங்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை சம்பளம் பெறும் நிரலாளர்கள் எழுதியவை என்று லினக்ஸ் அறக்கட்டளையின் அறிக்கைகள் காட்டுகின்றன. அந்தச் சம்பளத்தைத் தருபவை இன்டெல், ரெட் ஹேட், கூகுள் போன்ற நிறுவனங்கள்.

யாருக்கும் இலவசமாகப் போகும் பொருளுக்கு நிறுவனங்கள் ஏன் செலவு செய்கின்றன? இன்டெல் ஒரு புதிய சில்லை விற்க வேண்டுமானால், அது லினக்ஸில் ஓட வேண்டும். அதற்கான நிரலை இன்டெல்லின் பொறியாளர்களே எழுதிச் சேர்ப்பதுதான் விரைவான வழி. ஐபிஎம் தன் வழங்கிக் கணினிகளை விற்பதற்காகவே, 2001ஆம் ஆண்டில் லினக்ஸுக்கு 100 கோடி டாலர் செலவிடுவதாக அறிவித்தது. ரெட் ஹேட் நிறுவனம் மென்பொருளைக் கொடுத்துவிட்டு, அதற்கான பராமரிப்புச் சேவைக்குச் சந்தா வாங்கி வளர்ந்தது. 2019இல் ஐபிஎம் அதனைச் சுமார் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. ஆக, இது தானம் அல்ல, வியாபாரக் கணக்கு. அதில் தவறு காண எதுவுமில்லை.

பணம் போடுபவர் உரிமையாளர் ஆகிவிடுவாரா என்ற கேள்வி எழும். உரிமம் அதற்கு ஓரளவு தடை போடுகிறது. ஓப்பன் ஆபீஸ் என்ற அலுவலகத் தொகுப்பைப் பேணிவந்த சன் நிறுவனத்தை 2010இல் ஆரக்கிள் வாங்கியது. அதன் போக்கில் நம்பிக்கை இழந்த பங்களிப்பாளர்கள், அதே ஆண்டில் மூலநிரலை எடுத்துக்கொண்டு வெளியேறி லிப்ரே ஆபீஸைத் தொடங்கினர்.

உண்மையான சிக்கல் பணம் வராத இடத்தில்தான் இருக்கிறது. ஓப்பன் எஸ்எஸ்எல் என்ற மென்பொருள் இதற்குச் சிறந்த சான்று. உலாவிக்கும் இணையதளத்துக்கும் இடையே செல்லும் கடவுச்சொல், வங்கி விவரம் முதலியவற்றை மறைகுறியாக்கும் நிரல்தொகுப்பு இது. வங்கிகளும் அரசுகளும் பெரும் இணைய நிறுவனங்களும் இதனை நம்பியிருந்தன. ஆனால் 2014 வரை இதற்கு முழுநேரமாக உழைத்தவர் ஒரே ஒருவர். ஆண்டுக்கு வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர். ஒப்பந்த வேலைகள் எடுத்துச் செய்துதான் அதன் அறக்கட்டளை காலம் தள்ளியது.

2014 ஏப்ரல் 7 அன்று இதில் 'ஹார்ட்பிளீட்' என்ற பெரும் ஓட்டை இருப்பது அறிவிக்கப்பட்டது. பிழை மிகச் சிறியது. இரு கணினிகள் இணைப்பில் இருக்கும்போது, ஒன்று ஒரு சொல்லை அனுப்பி, அதன் நீளத்தையும் சொல்லும். மற்றது அதையே திருப்பி அனுப்ப வேண்டும். நீளம் சரிதானா என்று நிரல் சோதிக்கவில்லை. ஒரு மாணவன் 'மரம்' என்று ஒரே சொல்லை ஆசிரியரின் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, "நான் எழுதியது 500 எழுத்து, திருப்பிப் படியுங்கள்" என்கிறான். ஆசிரியரும் எண்ணிப் பார்க்காமல், அந்தச் சொல்லுக்கு அடுத்து இருக்கும் தன் சொந்தக் குறிப்புகளையும் சேர்த்து வாசித்துவிடுகிறார். அதே கதைதான். ஒவ்வொரு முறையும் 64 கிலோபைட் வரை வழங்கியின் நினைவகம் வெளியே கசிந்தது. கனடா வருவாய்த் துறையிலிருந்து மட்டும் சுமார் 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் திருடப்பட்டன.

அந்த நிரல் 2012 மார்ச்சில் வெளியான பதிப்பிலிருந்தே எல்லார் கண்முன்னும் கிடந்தது. பலர் பார்ப்பதால் பிழை விரைவில் பிடிபடும் என்பது திறமூல உலகின் பழைய நம்பிக்கை. பார்க்கும் உரிமை எல்லாருக்கும் இருந்தது. உட்கார்ந்து பார்க்க ஆள்தான் இல்லை. செய்தி பரவிய ஒரு வாரத்தில் பொதுமக்கள் ஐந்தும் பத்துமாக அனுப்பிய தொகை ஏறத்தாழ 9,000 டாலர். குறைந்தது ஆறு முழுநேர ஊழியராவது வேண்டும் என்று அறக்கட்டளையின் ஸ்டீவ் மார்க்வெஸ் அப்போது எழுதினார்.

அதே மாத இறுதியில் லினக்ஸ் அறக்கட்டளை, அடித்தள மென்பொருள்களுக்கென ஒரு கூட்டு நிதியைத் தொடங்கியது. கூகுள், மைக்ரோசாப்ட், அமேசான், பேஸ்புக் உள்ளிட்ட நிறுவனங்கள் ஆண்டுக்கு 1 லட்சம் டாலர் வீதம் மூன்று ஆண்டுகளுக்குத் தர முன்வந்தன. அவற்றின் வருமானத்துடன் ஒப்பிட்டால் இது சில்லறைக் காசு. ஆயினும் ஓப்பன் எஸ்எஸ்எல்லுக்கு அதனால் முழுநேர நிரலாளர்கள் கிடைத்தனர்.

ஆனால் இத்தகைய சிறு மென்பொருள்கள் எண்ணற்றவை. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் யுடில்ஸ், லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள ஒன்று. அதைத் தனியொருவர் ஊதியமின்றிப் பராமரித்துவந்தார். 2021 முதல் உதவி செய்வதாக வந்து சேர்ந்த ஒரு புனைபெயர்க்காரர், மெல்ல நம்பிக்கை பெற்று, 2024 பிப்ரவரியில் வெளியான பதிப்பில் பிறர் கணினிக்குள் நுழைய உதவும் கள்ளவழியைப் புகுத்தினார். உதவிக்கு ஏங்கும் ஒற்றைப் பராமரிப்பாளரே அவருக்கு வாய்த்த வாசல். அது பரவலாகச் சென்றடையும் முன், 2024 மார்ச் இறுதியில் ஆண்ட்ரெஸ் பிராயண்ட் என்பவர் கண்டுபிடித்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆவது அவருக்கு உறுத்தியது. அவர் மைக்ரோசாப்ட் ஊழியர். போஸ்ட்கிரெஸ் என்ற மற்றொரு திறமூல மென்பொருளுக்காகச் சம்பளம் பெற்று வேலை செய்பவர். அந்த வேலைக்கான வேகச் சோதனையின்போதுதான் இது கண்ணில் பட்டது.

ஜெர்மனி அரசு 2022இல் இதற்கென ஒரு பொது நிதியத்தை அமைத்தது. சாலை, பாலம்போல இவையும் பொது உள்கட்டமைப்பு என்பது அதன் நிலைப்பாடு. இணையவழித் தரவுப் பரிமாற்றத்துக்கு உதவும் 'கர்ல்' முதலில் உதவி பெற்றவற்றுள் ஒன்று. லினக்ஸ் பணித்திரையான குனோம் 2023இல் 10 லட்சம் யூரோ பெற்றது.