இ-வே பில்லுக்கு இரண்டாவது பூட்டு

விடியற்காலையில் லாரியில் சரக்கு ஏற்றியாகிவிட்டது. கணக்குப்பிள்ளை இ-வே பில் போட உட்காருகிறார். பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் சரி. அடுத்துக் கேட்கும் ஓ.டி.பி. எண் மட்டும் முதலாளியின் போனுக்குப் போகிறது. முதலாளியோ திருமலையில் போனை ஒப்படைத்துவிட்டுத் தரிசன வரிசையில் நிற்கிறார். இந்தச் சிரமம் நம் உறுப்பினர்கள் பலருக்கு இருக்கிறது. தீர்க்க முடியாததல்ல.

வங்கி லாக்கருக்கு நம் சாவி ஒன்று, வங்கியின் சாவி ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். இங்கே கடவுச்சொல் ஒரு சாவி, போனுக்கு வரும் எண் மற்றொன்று. கடவுச்சொல்லைத் தெரிந்துகொண்டு வேறொருவர் நம் பெயரில் பில் போட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நாம்தானே! ஆண்டு விற்றுமுதல் 100 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்டிலேயே இது கட்டாயமாயிற்று. 20 கோடிக்கு மேல் 1-1-2025 முதலும், 5 கோடிக்கு மேல் 1-2-2025 முதலும், மற்ற அனைவருக்கும் 1-4-2025 முதலும் வந்தது. (தாம்பரத்துக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. என்றால் முன்பு ரோடு மட்டும்தான். 2017 ஜூலை முதல் அந்த ரோட்டில் போகும் சரக்குக்கு வரியும் அதே பெயரில் வந்துவிட்டது.)

எண்ணை மூன்று வழிகளில் பெறலாம். எஸ்.எம்.எஸ். நாம் அறிந்ததே. அரசின் 'சந்தேஷ்' செயலியிலும் வரும். மூன்றாவது 'என்.ஐ.சி. ஜி.எஸ்.டி. ஷீல்டு' என்ற செயலி. இதற்கு இணையம் வேண்டாம். 30 விநாடிக்கு ஒருமுறை புது எண் காட்டும். சிக்னல் எட்டாத குடோன்களுக்கு இதுவே உகந்தது என்பது என் கருத்து. போனின் கடிகாரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். இ-வே பில் தளத்தின் மெனுவிலிருந்தே இதை இறக்கிக்கொள்ளுங்கள்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். ஒரே கடவுச்சொல்லைக் கடையில் நான்கு பேர் பயன்படுத்துவது பழைய வழக்கம். இனி அது ஒத்துவராது. தளத்தில் 'யூசர் மேனேஜ்மென்ட்' பகுதிக்குப் போய் 'சப் யூசர்' உண்டாக்கலாம். கணக்குப்பிள்ளைக்கு ஒன்று, குடோன் பொறுப்பாளருக்கு ஒன்று. அவரவர் போன் நம்பரைப் பதிந்தால் ஓ.டி.பி. அவரவருக்கே போகும். யார் என்ன செய்யலாம் என்பதையும் நாமே வரையறுக்கலாம். பில் போட ஒருவருக்கு அனுமதி தந்துவிட்டு, ரத்து செய்யும் அதிகாரத்தை நாம் வைத்துக்கொள்ளலாம். வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை அன்றைக்கே 'ஃப்ரீஸ்' செய்துவிட வேண்டும். சம்பள பாக்கியைத் தீர்க்கும்போதே இதையும் செய்துவிடுவது நல்லது.

ஓ.டி.பி. வரவில்லை என்பதற்காக பில் இல்லாமல் வண்டியை அனுப்பாதீர்கள். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேலும், வெளிமாநிலத்துக்கு ஐம்பதாயிரத்துக்கு மேலும் சரக்கு போனால் இ-வே பில் வேண்டும். வரியுள்ள சரக்கு வழியில் பிடிபட்டால், உரிமையாளரே முன்வந்து மீட்பதற்கும் வரியைப்போல் இரண்டு மடங்கு அபராதம். லாரி வாடகையும் காத்திருப்புக் கூலியும் தனி.

பதிவு வாங்கிய காலத்தில் ஆடிட்டர் அலுவலக உதவியாளரின் நம்பரைக் கொடுத்தவர்கள் நம்மில் உண்டு. பெருங்களத்தூர்ப் பக்கம் ஒரு வியாபாரிக்கு அந்த உதவியாளர் ஊர் மாறிப்போனதே தெரியவில்லை. பில் போட முடியாமல் இரண்டு நாள் சரக்கு தேங்கியது. பிரதான கணக்கின் நம்பரை ஜி.எஸ்.டி. தளத்தில்தான் மாற்ற வேண்டும். அதிகாரியின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பிறகு இ-வே பில் தளத்திலும் புது நம்பர் ஏறிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.