விளக்கு வைத்ததும் வீறிடும் குழந்தை

பகலெல்லாம் சமர்த்தாகத் தூங்கும். விளக்கு வைத்தார்களோ இல்லையோ, முகம் சிவக்க, காலை வயிற்றோடு மடக்கி, கையை இறுக மூடிக்கொண்டு வீல் வீலென்று ஒரே அழுகை! பால் கொடுத்தாலும் நிற்காது, தோளில் போட்டாலும் நிற்காது. அதற்குள் ஆளுக்கொரு வைத்தியம் வந்துவிடும். "உரம் விழுந்திருக்கும்டி, புடவையிலே போட்டு உருட்டு" என்பார் பாட்டி. "மத்தியானம் வாழைக்காய் சாப்பிட்டியே, அதான்" என்பார் மாமியார். தலைப்பிள்ளைக்காரி என்ன செய்வாள், பாவம்! குழந்தையோடு சேர்ந்து அவளும் அழுவாள்.

பெரும்பாலும் இது நோயே அல்ல. பிறந்து இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கும். ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போகும். மூன்று நான்கு மாதத்தில் தானாகவே அடங்கிவிடும். தினம் 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்துக்கு மேல் அழுதால் அது 'கோலிக்' என்று 1954-ல் வெஸ்ஸல் என்ற மருத்துவர் ஒரு கணக்குச் சொன்னார். காரணம் இன்னும் தீர்மானமாகத் தெரியவில்லை. வாயுவால் அழுகிறது என்கிறோம். அழுது அழுது காற்றை விழுங்கி வயிறு பொருமுவதும் உண்டு. தாய்ப்பால் குழந்தைக்கும் வரும், புட்டிப்பால் குழந்தைக்கும் வரும். ஆகவே உங்கள் பால்மேல் பழி போடாதீர்கள். பத்தியம் என்று பட்டினி கிடக்கவும் வேண்டாம்.

பால் குடித்ததும் நிமிர்த்தித் தோளில் சாய்த்து முதுகைத் தடவிக் கொடுங்கள். ஐந்து பத்து நிமிஷத்தில் ஏப்பம் வராவிட்டால் விட்டுவிடலாம். அழும்போது உங்கள் முன்கையில் குப்புறப் போட்டு, தலை முழங்கை மடிப்பில் இருக்கும்படி ஏந்திக்கொண்டு நடந்து பாருங்கள். பல குழந்தைகள் இதில் அடங்கிவிடும். தூங்கிவிட்டால் மட்டும் மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். பால் குடித்து வெகுநேரம் ஆனபின், துளி தேங்காய் எண்ணெய் தொட்டு, தொப்புளைச் சுற்றிக் கடிகார முள் போகிற பக்கமாக மெல்லத் தடவலாம். கால்களைச் சைக்கிள் மிதிப்பதுபோல் மடக்கி நீட்டலாம். வெற்றிலையில் விளக்கெண்ணெய் தடவி வாட்டிப் போடும் பழக்கமுள்ளவர்கள், முதலில் அதைத் தங்கள் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துக்கொள்ளுங்கள். பிஞ்சுத் தோல் சீக்கிரம் கொப்பளித்துவிடும். புடவையில் போட்டு உருட்டுவது மட்டும் கூடவே கூடாது. கழுத்து நிற்காத குழந்தையம்மா அது!

இனி வசம்பு. 'பிள்ளை வளர்ப்பான்' என்றே அதற்குப் பேர் வைத்தார்கள். ஆனால் அதிலுள்ள பீட்டா அசரோன் என்ற பொருள் நச்சுத்தன்மை உள்ளது. சுட்டு உரைத்துக் கொடுத்த குழந்தைகளுக்கு விடாத வாந்தி கண்டதுண்டு. கையில் கட்டும் வசம்பு வளையலும் கடைசியில் வாய்க்குத்தான் போகும். தேனை நாக்கில் தடவுவதும் ஒரு வயது வரை ஆகாது. கிரைப் வாட்டர் 1851-ல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் உட்வர்டு என்பவர் கொண்டு வந்தது. அந்தக் காலத்தில் அதில் சாராயச் சத்துகூட இருந்தது! இப்போது வருவதில் அது இல்லை என்றாலும், கோலிக்கைத் தீர்க்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும். ஓமத்தண்ணீரும் வேண்டாம், வெந்நீரும் வேண்டாம்.

எல்லா அழுகையையும் கோலிக் என்று விட்டுவிடவும் கூடாது. பச்சையாக வாந்தி எடுத்தால், பீய்ச்சியடிப்பதுபோல் கக்கினால், மலத்தில் ரத்தமோ சிவந்த சளியோ வந்தால், வயிறு கல்லாக உப்பினால், பால் குடிக்க மறுத்துத் துவண்டால், மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் இருந்தால், ராத்திரி என்று பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எடை ஏறாவிட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஒரு மணி நேரம் விடாமல் அழுதால் யாருக்கும் எரிச்சல் வரும். அந்த ஆத்திரத்தில் குழந்தையைப் பிடித்து உலுக்கினால் மூளைக்குள் ரத்தம் கசியலாம். கை நடுங்குகிறதா? தொட்டிலில் மல்லாக்கக் கிடத்திவிட்டுப் பத்து நிமிஷம் வெளியே வந்து நில்லுங்கள்; அழுவதால் ஒன்றும் ஆகிவிடாது. வீட்டுக்காரரிடமும் சொல்லி வையுங்கள். ஏழிலிருந்து எட்டு வரை பிள்ளை அப்பா தோளில் இருக்கட்டும். நீங்கள் போய் நிதானமாக ஒரு வாய் சாப்பிடுங்கள்.