கப்பலில் போனது, பனியனில் வந்தது!
வாலிபர் முதுகில் கஞ்சா இலை!

சாயங்காலம் ஆறு மணி. தி.நகர் ரங்கநாதன் தெரு. மாம்பலம் ஸ்டேஷனுக்கு இடித்துப் பிடித்து ஓடுகிறீர்கள். முன்னால் போகிற வாலிபரின் முதுகைப் பாருங்கள். ஏழு விரல் விரித்த மாதிரி ஒரு பச்சை இலை! பக்கத்தில் ஒரு சடைமுடிக்காரர் படம்.

மரவள்ளி இலை என்று நினைத்தீர்களா? இல்லை சார். கஞ்சா இலை!

பனியனோடு நிற்கவில்லை. பைக்கில் ஸ்டிக்கர், கழுத்தில் டாலர், கையில் சிவப்பு, மஞ்சள், பச்சை வளையம். எல்லாம் பிளாட்பாரத்திலேயே கிடைக்கிறது. வாங்குகிற பையன்களில் பலருக்குக் கஞ்சா வாடைகூடத் தெரியாது. சும்மா ஒரு ஸ்டைல்!

யார் இந்த சடைமுடி?

பாப் மார்லி. ஜமைக்கா தீவுப் பாடகர். 1945-ல் பிறந்தவர். 1981-ல் புற்றுநோயில் இறந்தார். வயது 36தான். ஏழைகளுக்காகவும் கறுப்பு மக்களின் உரிமைக்காகவும் பாடினவர். அவர் சேர்ந்த ராஸ்தபாரி மதத்தில் கஞ்சா, வழிபாட்டுப் பொருள். அந்த மூன்று நிறமும் எத்தியோப்பியக் கொடியின் நிறம்.

பாட்டு போச்சு, மதம் போச்சு. வியாபாரி கையில் மிஞ்சியது சடையும் இலையும்தான். வெளியாரை மட்டும் சொல்வானேன்? அவர் பெயரில் கஞ்சா விற்கப்போவதாக 2014-ல் அவர் குடும்பத்தாரே ஒரு அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து அறிவித்தார்கள்!

பெயர் நம்முடையது!

இன்னொரு வேடிக்கை. 1845-ல் கரும்புத் தோட்ட வேலைக்காக இந்தியக் கூலிகளை ஜமைக்காவுக்குக் கப்பலேற்றினான் வெள்ளைக்காரன். முதல் கப்பல் போனது கல்கத்தாவிலிருந்து. அந்தக் கூலிகளோடு போனதுதான் 'கஞ்சா' என்ற பெயர். இன்றைக்கும் அங்கே அதே பெயர்தான். இங்கேயிருந்து போன சரக்கு, ஊர் சுற்றி, பனியனில் திரும்பி வந்திருக்கிறது.

பேப்பர் யாருக்கு?

படம் போட்ட பனியனுக்கு 1985-ம் வருட போதைப்பொருள் சட்டத்தில் தண்டனை கிடையாது. அந்தச் சட்டப்படி பார்த்தால் வெறும் இலைகூட 'கஞ்சா' அல்ல, பூவும் காயும் உள்ள நுனிதான் கஞ்சா!

ஆனால் பெட்டிக்கடையில் தொங்குகிறதே, சுருட்டுகிற பேப்பர்? புகையிலையைத் தானே சுருட்டிப் பிடிக்கிறவர் இந்த ஊரில் எத்தனை பேர்? பிறகு யாருக்காக அந்தப் பேப்பர்? கடைக்காரர்களுக்குத் தெரியாதா என்ன!

பனியன் போட்டவன் எல்லாம் புகைக்கிறவன் இல்லை. பையனை அதற்காக அடித்து விளாசாதீர்கள். அவன் பையில் பொட்டலம் இருந்தால்தான் விவகாரம். ஒரு கிலோ வரை 'சிறிய அளவு' என்கிறது சட்டம். அதற்கே ஒரு வருடம் வரை கடுங்காவல், அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் விழலாம். அப்புறம் பாஸ்போர்ட், சர்க்கார் வேலை என்று போலீஸ் விசாரணை வரும்போதெல்லாம் அந்த வழக்கும் கூடவே வந்து நிற்கும்.

பலருக்குத் தெரியாத ஒரு வழியும் அதே சட்டத்தில் இருக்கிறது. பிரிவு 64-ஏ. பழக்கத்துக்கு அடிமையானவர் சிறிய அளவு வழக்கில் மாட்டினாலும், தானாக முன்வந்து அரசு ஆஸ்பத்திரியிலோ, அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் சலுகை போச்சு! கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் இந்தச் சிகிச்சை உண்டு. போனில் கேட்க 14446. காசு கிடையாது.