பரீட்சை எல்லோருக்கும் ஒன்றே

1986ஆம் ஆண்டில் இந்த தேசத்தின் ஏழைக் குழந்தைகளைக் குறித்து இரண்டு தீர்மானங்கள் செய்யப்பட்டன. சிறுவர் உழைப்பை அடியோடு விலக்காமல், அபாயகரமானவை என்று கருதப்பட்ட தொழில்களில் மட்டும் அதைத் தடுத்த சட்டம் ஒன்று. பகலில் உழைத்தே தீரவேண்டிய குழந்தைகளுக்கும், முழுநேரப் பள்ளிக்கு வர இயலாத பெண் குழந்தைகளுக்கும் முறைசாராக் கல்வியைப் பெரிய அளவில் ஏற்படுத்துவதாகச் சொன்ன தேசியக் கல்விக் கொள்கை மற்றொன்று. இரண்டையும் வகுத்தவர்கள் நல்லெண்ணம் உடையவர்களே என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பகலெல்லாம் பருத்திக் காட்டிலும் செங்கல் சூளையிலும் நின்றுவிட்டு, இரவில் அரிக்கேன் விளக்கின் அடியில் கண் சொருகியபடி எழுத்துக் கூட்டும் சிறுவனுக்கும், காலையில் குளித்துப் புத்தகப் பையோடு பள்ளிக்குப் போகும் சிறுவனுக்கும் கிடைப்பது ஒரே கல்விதானா என்ற வினாவை, அந்நாளில் வெகுசிலரே உரக்கக் கேட்டார்கள்.

கேட்டவர்களுள் முதன்மையானவர் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானம் போதித்த சாந்தா சின்ஹா. கொத்தடிமைகளாக உழன்ற தொழிலாளர்களிடையே முதியோர் கல்விப் பணி செய்தபோது, அவர்களுடைய பிள்ளைகளும் அதே கடனுக்கு அடகு வைக்கப்பட்டு ஆடு மாடு மேய்ப்பதை அவர் நேரில் கண்டார். சரித்திரமும் அரசியலும் கற்பித்த பேராசிரியரான அவருடைய பாட்டனார் மாமிடிப்பூடி வெங்கடரங்கய்யாவின் நினைவாக 1981இல் குடும்பத்தினர் நிறுவியிருந்த அறக்கட்டளை, 1991 முதல் ஹைதராபாத் நகரைச் சூழ்ந்திருந்த ரங்காரெட்டி மாவட்டத்துக் கிராமங்களில் இந்தக் குழந்தைகளுக்கான வேலையைத் தொடங்கியது. பள்ளியில் இல்லாத குழந்தை எதுவாயினும் அது உழைக்கும் குழந்தையே என்பதும், எல்லாக் குழந்தைகளும் பகல்நேர முறைப் பள்ளியிலேயே படிக்க வேண்டும் என்பதும், இவற்றில் சமரசத்துக்கு இடமே இல்லை என்பதும் அவ்வறக்கட்டளை தனக்கு விதித்துக்கொண்ட நியமங்கள்.

அந்த நியமங்களைச் சொல்வது எளிது. பன்னிரண்டு வயதுவரை பலகையைத் தொட்டறியாத பெண்ணை எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்பதே கடினமான விஷயம். முதல் வகுப்பில் ஆறு வயதுக் குழந்தைகளோடு வைத்தால் வெட்கம் அவளை ஒரே வாரத்தில் காட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடும். ஏழாம் வகுப்பில் வைத்தாலோ கரும்பலகையில் எழுதுவது ஒன்றும் விளங்காது. இந்த முட்டுக்கட்டையை நீக்குவதற்காக எழுந்ததே 'பிரிட்ஜ் கோர்ஸ்' என்று அங்கே எல்லோரும் வழங்குகிற தங்கிப் படிக்கும் முகாம். ஒன்பது முதல் பதினான்கு வயதுவரையுள்ள பிள்ளைகள் வீட்டையும் வேலையையும் விட்டு அங்கே வந்து தங்கி, பல மாதங்கள், சிலர் ஓராண்டுக்கும் மேலாக, இடைவிடாமல் படித்துத் தத்தம் வயதுக்குரிய வகுப்பில் சேர்வதற்கான தகுதியைப் பெறுவார்கள்.

முகாமின் தொடக்க நாட்களில் பாடப் புத்தகம் வெளியே வராது. பாட்டும் விளையாட்டும் பேச்சுமாகக் காலம் செல்லும். அதிகாரத்துக்கும் அதட்டலுக்கும் மட்டுமே பழகியிருந்த குழந்தை, தன்னைப் பெயர் சொல்லி அழைத்துக் கேள்வி கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்பதை நம்புவதற்கே சில நாட்கள் வேண்டும். அதன் பின்னர்தான் தன் பெயர், தன் ஊரின் பெயர், தான் பாடிய பாட்டின் சொற்கள் என்று எழுத்து வரும். கற்பிக்கிற இளைஞர்களில் பலரும் அதே கிராமங்களில், தத்தம் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவர்கள். குழந்தைகளோ ஒரு தரத்தினர் அல்லர்: இரண்டாம் வகுப்புவரை போய் நின்றவன் ஒருவன், எழுத்தே அறியாதவள் ஒருத்தி, லம்பாடிகளின் குடியிருப்பான தாண்டாவிலிருந்து அவர்களுடைய மொழி மட்டும் பேசி வந்தவன் இன்னொருவன், வீட்டில் உருது பேசுகிறவள் வேறொருத்தி. தெலுங்கையே தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைக்கும், தெலங்கானாவின் பேச்சுக்கும் கடற்கரை மாவட்டத்துச் சாயல் மிகுந்திருந்த பாடநூல் நடைக்கும் இடையே இருந்த தூரம் சிறியதன்று. ஆகவே ஒவ்வொருவருக்கும் தொடங்கும் இடம் வேறு, நடையின் வேகம் வேறு; போய்ச் சேரவேண்டிய இடம் மாத்திரம் எல்லோருக்கும் ஒன்றே. மாநிலத்தின் ஏழாம் வகுப்புப் பொதுப் பரீட்சையைப் பள்ளியில் பல ஆண்டு பயின்ற பிள்ளைகள் எழுதினார்கள். அதே வினாத்தாளை, அதே பாடத்திட்டத்தின்படி, முகாமிலிருந்து வந்த பிள்ளைகளும் எழுதினார்கள். அவர்களுக்கென்று இலகுவான தாள் ஒன்று தயாரிக்கப்படவில்லை.

இதனை நான் மிகவும் மதிக்கிறேன். ஏழைப் பிள்ளைக்கு இவ்வளவு போதும், மலைவாசிப் பிள்ளைக்குக் கைத்தொழில் போதும், மெதுவாகப் பயில்கிறவனுக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும் என்று காருண்யத்தின் பெயரால் பாடத்தைக் குறைத்துக் கொடுப்பது, கையில் எடுத்த அன்னத்தில் பாதியை வழியிலேயே இறைத்துவிட்டு மீதியைப் படைப்பது போன்ற அநீதி. கடுமை என்பது குழந்தையின் மேல் ஏற்றப்படும் சுமை அன்று. எந்த இடத்தில் ஒருவன் தடுமாறுகிறான் என்று நுணுகி அறிவதும், வேறு வழியில் மறுபடி விளக்குவதும், அவன் தேறும்வரை விடாதிருப்பதும் உபாத்தியாயருடைய கடமை. அந்தக் கடுமையை உபாத்தியாயர் தம்மேல் ஏற்றுக்கொள்ளாதபோதுதான் பாடம் இளைத்துப்போகிறது. கூலிக்கணக்கை மனத்திலேயே போடத் தெரிந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளை, ஆறு வயதுக் குழந்தை ஐந்தாண்டில் கற்பதைக் குறுகிய காலத்தில் கற்றுவிட முடியும் என்பதை ரங்காரெட்டி முகாம்கள் மெய்ப்பித்தன.

பல தரத்துப் பிள்ளைகளை ஒருங்கே வைத்துக் கற்பிப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளியில் மணலில் அரிச்சுவடி எழுதுகிறவனும் எண்சுவடி ஒப்பிக்கிறவனும் ஒரே ஆசானிடம், சட்டாம்பிள்ளையின் துணையோடு, அவரவர் படியில் பயின்றார்கள். சென்னையில் அநாதைச் சிறுவர் விடுதி நடத்திய ஆண்ட்ரூ பெல் பாதிரியார், மாணாக்கரே மாணாக்கருக்குக் கற்பிக்கும் முறையை அங்கே கையாண்டு, 1797இல் அதை இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார். ஆனால் அந்தத் திண்ணையில் ஏற இடம்பெறாத குழந்தைகள் ஆயிரமாயிரம் பேர் இருந்தார்கள் என்பதை மறந்து அதனைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

ஹைதராபாத்திலேயே வேறொரு முயற்சியும் நடந்தது. 1918இல் ஹைதராபாத் சமஸ்தானத்தின் மன்னரான நிஜாம் நிறுவிய உஸ்மானியா பல்கலைக்கழகம், மொழிபெயர்ப்புக்கென்றே ஒரு நிலையத்தை அமைத்து, விஞ்ஞானத்தையும் வைத்தியத்தையும் உருதுவில் போதித்தது. உயர்ந்த சாஸ்திரங்களை இந்திய மொழியொன்றில் தரம் குறையாமல் கற்பிக்கலாம் என்று காட்டியது பெரும் சாதனை. எனினும் அந்த சமஸ்தானத்துப் பிரஜைகளில் பெரும்பாலோர் வீட்டில் பேசியது தெலுங்கும் மராத்தியும் கன்னடமும். தரத்தைக் காத்த கல்வி, வாசலை எல்லோருக்கும் திறந்துவைக்கவில்லை. வாசலைத் திறந்து, தரத்தையும் காப்பதே இரட்டிப்புக் கடினமான வேலை.

2003இல் சாந்தா சின்ஹாவுக்கு மகசேசே விருது கிடைத்தது. 2007இல் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்புக்கான தேசிய ஆணையத்தின் முதல் தலைவரானார். 2010 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு, ஆறு வயதுக்கு மேற்பட்டும் பள்ளியில் சேராத குழந்தையை அதன் வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்க்க வேண்டும் என்றும், மற்றவர்களோடு சமமாக வருவதற்கான விசேஷப் பயிற்சி அதற்கு உரிமையாகும் என்றும் கூறுகிறது. முகாம்களில் கண்டறிந்த முறை தேசத்தின் சட்டமாகவே ஆகிவிட்டதைப் படிக்கும்போது என் உள்ளம் நிறைகிறது.

தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் ஒரே வகுப்பின் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பயில்கிறார்கள். இது நல்ல ஏற்பாடு. ஆனால் அரும்பில் அமர்ந்த பிள்ளை ஆண்டு முழுவதும் அரும்பிலேயே அமர்ந்திருந்தால், நிலை என்பது சாதியைப்போல் இறுகிவிடும். ஆகவே ஒவ்வொரு பருவத்திலும் எத்தனை குழந்தைகள் மேலேறினார்கள் என்பதையே தலைமையாசிரியர் முதலில் கேட்க வேண்டும். நான்காம் பிரிவில் இன்னொரு வாசகமும் உண்டு: தாமதமாக வந்து சேர்ந்த குழந்தை பதினான்கு வயதைக் கடந்த பின்னும், எட்டாம் வகுப்பை முடிக்கும்வரை இலவசக் கல்விக்கு உரியது. அப்படிச் சேர்ந்து, பதினைந்து வயதிலும் ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருக்கிற பெண்ணை, 'வயதாகிவிட்டது' என்று திருப்பி அனுப்ப எந்தப் பள்ளிக்கும் அதிகாரம் இல்லை.