படகில் ஏறுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்!



கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் நம் குழுக்களில் சுற்றுலாப் பேச்சு தொடங்கிவிடும். மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, வேன் பிடித்து, புளியோதரை கட்டிக்கொண்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிளம்புவோம். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, பிச்சாவரம், ஒகேனக்கல், தேக்கடி என்று எங்கே போனாலும் அங்கே படகு சவாரி இருக்கும். "இவ்வளவு தூரம் வந்துட்டு போட்ல போகாம திரும்புறதா?" என்று எல்லோரும் ஏறிவிடுவோம். அந்தப் படகைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? இந்த இதழில் அதைப் பேசுவோம்.

போன வருஷம் எங்கள் குழுவில் 14 பேர் ஓர் ஏரிக்குப் போனோம். 10 பேர் ஏறலாம் என்று படகில் எழுதியிருந்தது. படகோட்டித் தம்பி, "ரெண்டு நடை எதுக்குக்கா, எல்லாரும் ஒண்ணா வாங்க, காசும் மிச்சம்" என்றார். மூலையில் கிடந்த லைஃப் ஜாக்கெட்டுகள் ஈரமாக இருந்தன. அவற்றைப் பலகைமேல் போட்டு உட்கார்ந்துகொண்டோம். எங்கள் குழுவிலேயே மூத்த அக்கா மட்டும், "ஏன் தம்பி, 10 பேர்னுதானே போட்டிருக்கு?" என்று கேட்டார். "அதெல்லாம் சும்மா எழுதினதும்மா" என்றார் அவர். "அப்படின்னா நான் வரலைப்பா" என்று அக்கா இறங்கிவிட்டார். எங்களுக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் அவரை விட்டுப்போக மனம் வராமல் நாங்களும் இறங்கி, ஜாக்கெட் மாட்டிக்கொண்டு, இரண்டு நடையாகப் போய் வந்தோம்.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நடந்த இடங்களைப் பற்றிப் படித்தபோதுதான் அக்கா செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று புரிந்தது.

நடந்தவை நான்கு, காரணம் ஒன்றுதான்

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் இரண்டு தட்டுச் சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். காட்டு விலங்குகளைப் பார்க்க மேல்தட்டில் இருந்தவர்கள் ஒரே பக்கமாகத் திரண்டபோது படகு சாய்ந்தது. நம் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அதில் இறந்தார்கள்.

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் விடுமுறை. பழவேற்காடு ஏரிக்கு உல்லாசமாகப் போன உறவுக்காரர்கள் மீன்பிடிப் படகு ஒன்றில் அளவுக்கு மேல் ஏறிப் போனார்கள். படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள்.

2023 மே 7 அன்று கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் தானூரில் 22 பேர் இறந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் குழந்தைகள். மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிச் சுற்றுலாவுக்கு விட்டிருந்தார்கள். அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றி, பொழுது சாய்ந்த பிறகு ஓட்டினார்கள்.

2024 ஜனவரி 18 அன்று குஜராத்தின் வடோதராவில் பள்ளிச் சுற்றுலா போன 12 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் ஏரியில் இறந்தார்கள். அங்கும் அளவுக்கு மேல் ஆட்கள். எல்லோருக்கும் ஜாக்கெட் கொடுக்கவும் இல்லை.

இந்த நான்கில் எதற்கும் புயல் காரணம் இல்லை. தெரிந்தே செய்த தவறுகள்தான் உயிரைக் குடித்தன.

படகு ஏன் கவிழ்கிறது?

தலையில் தண்ணீர்க் குடம் வைத்து நடந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். குடத்தை இடுப்பில் வைத்தால் ஆட்டம் குறைவு. தலையில் வைத்தால் கொஞ்சம் தடுக்கினாலும் சாயும். படகும் அப்படித்தான். பாரம் கீழே இருக்கும்வரை படகு நிலையாக நிற்கும். ஆட்கள் எழுந்து நின்றாலோ, மேல்தட்டில் கூடினாலோ பாரம் மேலே போகிறது. அந்த நேரம் எல்லோரும் ஒரு பக்கம் நகர்ந்தால் சாய்ந்த படகு திரும்ப நிமிராது.

ஆட்கள் கூடக்கூடப் படகு தண்ணீரில் அமிழும். விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு சாண் உயரம்கூட இல்லாவிட்டால் சின்ன அலையே உள்ளே தண்ணீரைக் கொண்டுவந்துவிடும். அதனால் "நாலு பேர்தானே கூட" என்று நினைக்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1917-ஆம் வருஷத்துப் பழைய சட்டத்தை எடுத்துவிட்டு, உள்நாட்டு நீர்வழிக் கலங்கள் சட்டம் 2021-இல் கொண்டுவரப்பட்டது. ஏரி, ஆறு, காயல் போன்ற உள்நாட்டு நீர்நிலைகளில் ஓடும் இயந்திரப் படகுகளுக்கு இது பொருந்தும். நடைமுறைப்படுத்துவது மாநில அரசுகளின் பொறுப்பு. அதில் நமக்குத் தேவையானவை இவை:

படகைத் தகுதியுள்ள அதிகாரி சோதித்துச் சான்றிதழ் தர வேண்டும். நம் பேருந்துக்கு எஃப்.சி. எடுப்பது போலத்தான் இது. அதன் பிறகு பதிவு செய்து எண் பெற வேண்டும். ஓட்டுபவரிடம் தகுதிச் சான்றிதழ் இருக்க வேண்டும். உயிர்காக்கும் கருவிகளும் தீயணைப்புக் கருவிகளும் வைத்திருக்க வேண்டும். காப்பீடும் கட்டாயம். இயந்திரம் இல்லாத படகுகளையும் பதிவுக்குள் கொண்டுவர இந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது.

இது தவிர, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் படகுப் பாதுகாப்புக்கென்றே 2017-இல் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது.

ஆக, சட்டம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு படகுத்துறையிலும் ஒவ்வொரு நடைக்கும் அதிகாரி வந்து நிற்க முடியுமா? அந்த இடத்தில் நிற்பது நாம்தான்.

ஏறுமுன் பார்க்க வேண்டியவை

1. எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கிறதா? எழுதாவிட்டால் கேளுங்கள். எண்ணும்போது மடியில் வைத்திருக்கும் குழந்தையையும் ஓர் ஆளாக எண்ணுங்கள்.

2. படகில் பதிவு எண் இருக்கிறதா? மீன்பிடிப் படகில் "சும்மா ஒரு ரவுண்டு" என்று கூப்பிட்டால் போகாதீர்கள்.

3. ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா? கையில் வைத்திருப்பதால் பயனில்லை, மாட்டிக்கொள்ள வேண்டும். முந்தானையை நன்றாகச் சொருகி, அதன்மேல் ஜாக்கெட்டைப் போட்டு, எல்லாக் கொக்கிகளையும் பூட்டி, பட்டையை இறுக்குங்கள். நனைந்த சேலை காலைச் சுற்றிக்கொள்ளும் என்பதால் நீச்சல் தெரிந்தவர்களுக்கும் இது தேவை.

4. பிள்ளைகளுக்குச் சிறிய அளவு ஜாக்கெட் இருக்கிறதா? மாட்டிய பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது பெரிது. தண்ணீரில் பிள்ளை நழுவிவிடும்.

5. வானம் இருட்டியிருக்கிறதா, காற்று பலமா, பொழுது சாய்ந்துவிட்டதா? "கடைசி டிரிப்" என்று அவசரப்படுத்தினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒகேனக்கல்லில் தண்ணீர் வரத்து கூடும்போது மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போடும். அந்த நேரத்தில் யாராவது தனியாகக் கூட்டிப்போகிறேன் என்றால் நம்பிப் போகாதீர்கள்.

6. ஓட்டுபவர் குடித்திருக்கிறாரா? வாடை வந்தாலே இறங்கிவிடுங்கள்.

படகில் இருக்கும்போது

உட்கார்ந்தே இருங்கள். போட்டோ எடுக்க எழுந்து நிற்க வேண்டாம். "அங்க பாரு யானை" என்று யாராவது கத்தினாலும் இடம் மாறாதீர்கள். மூடிய அறையுள்ள படகு என்றால் வெளியே வரும் வழியை முதலிலேயே பார்த்து வையுங்கள்.

தப்பித்தவறிக் கவிழ்ந்தால்

படகு பெரும்பாலும் உடனே முழுகிவிடாது. அதையோ, மிதக்கும் எதையோ பிடித்துக்கொண்டு இருங்கள். கரை பக்கத்தில் தெரிகிறது என்று நீந்தப் போய்ப் பாதியில் களைத்துப் போனவர்கள் உண்டு.

கரையில் இருப்பவர்கள் பதறிக் குதிக்கக் கூடாது. காப்பாற்றப் போனவரும் சேர்ந்து முழுகுவது நம் ஊர்க் குளங்களிலேயே நடப்பதுதான். கயிறு, கழி, முடிச்சுப் போட்ட சேலை, மூடி போட்ட காலிப் பிளாஸ்டிக் கேன், எது கிடைக்கிறதோ அதை எறியுங்கள் அல்லது நீட்டுங்கள். உடனே 112 அல்லது 108-க்குப் போன் செய்யுங்கள்.

வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் தவறு. மூச்சு இல்லை என்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைச் சற்று பின்னால் சாய்த்து, வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். நெஞ்சின் நடுவில் அழுத்த வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை இதை நிறுத்தக் கூடாது. இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிடச் செய்து பார்ப்பது நல்லது. தீயணைப்பு மீட்புப் பணித் துறையினர் ஊர்களில் ஒத்திகை செய்து காட்டுகிறார்கள். உங்கள் பஞ்சாயத்துக் கூட்டமைப்பு மூலம் கடிதம் கொடுத்து ஒருநாள் வரச் சொல்லிக் கேட்கலாம்.

தீர்மான நோட்டில் எழுதுங்கள்

ஒரு காலத்தில் வங்கி வாசலில் நிற்கவே நமக்குப் பயம். இன்று மேலாளரிடம், "எங்க கடன் மனு என்ன ஆச்சு சார்?" என்று கேட்கிறோம். ரேஷன் கடையில் எடையைக் கேட்கிறோம். கிராம சபையில் கணக்குக் கேட்கிறோம். படகுத்துறையில் மட்டும் "நாலு பேர் முன்னாடி எதுக்கு வம்பு" என்று வாயை மூடிக்கொள்ளலாமா? தனியாகக் கேட்டால் அவர் சிரித்துவிட்டுப் போகலாம். 14 பேர் சேர்ந்து, "ஜாக்கெட் கொடுத்தாத்தான் ஏறுவோம்" என்றால் எந்தப் படகோட்டியும் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் இந்தப் பக்கத்தை ஒருவர் சத்தமாகப் படியுங்கள். சுற்றுலாவுக்குத் தேதி குறிக்கும்போதே, "ஜாக்கெட் இல்லாமல், அளவுக்கு மேல், இருட்டிய பின் படகில் ஏற மாட்டோம்" என்று தீர்மானம் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். யாராவது ஒருவர் "நான் வரலை" என்று இறங்கினால் அவரைக் கேலி செய்யாதீர்கள், நீங்களும் கூடவே இறங்குங்கள்.

டிக்கெட் காசு போனால் அடுத்த மாதச் சேமிப்பில் சேர்த்துக்கொள்ளலாம். போன உயிரைச் சேர்க்க எந்தக் குழுவாலும் முடியாது.

பத்திரமாகப் போய், சந்தோஷமாகத் திரும்பி வாருங்கள்!