உபரி வெடிமருந்தும் தோட்டா மறுநிரப்பலும்

தோட்டா மறுநிரப்பல் என்பது, ஒருமுறை சுடப்பட்ட துப்பாக்கித் தோட்டாவின் வெற்றுக்கூட்டில் புதிய வெடிமருந்தும் குண்டும் பொருத்தி, அதை மீண்டும் பயன்படுத்தும் முறையாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இலக்கு நோக்கிச் சுடும் விளையாட்டு வீரர்களும் வேட்டைக்காரர்களும் இதைச் சட்டப்படியே தம் வீடுகளில் செய்து வருகின்றனர். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், இராணுவத்தில் எஞ்சிய வெடிமருந்து மிகக் குறைந்த விலைக்கு விற்கப்பட்டது. இப்பழக்கம் அங்கே பரவியதற்கு அது ஒரு முக்கியக் காரணமாகும். மலிவு விலை மருந்து பலருக்குப் பயன்பட்டது. அதேவேளையில், டப்பாவின் மேல் எழுதியுள்ள எண்ணை மட்டும் நம்பி மருந்தை அளக்கக் கூடாது என்ற பாடத்தையும் அது கற்பித்தது.

தோட்டாவின் பகுதிகள்

ஒரு துப்பாக்கித் தோட்டாவில் நான்கு பகுதிகள் உள்ளன. அவை: பித்தளைக் கூடு, கூட்டின் அடியில் பொருத்தப்படும் பிரைமர் எனும் எரியூட்டி, கூட்டினுள் இருக்கும் வெடிமருந்து, கூட்டின் வாயில் செருகப்பட்ட குண்டு.

விசையை அழுத்தும்போது ஊசி போன்ற ஒரு முள் பிரைமரைத் தாக்குகிறது. அதிலிருந்து எழும் தீப்பொறி வெடிமருந்தைப் பற்றவைக்கிறது. மருந்து எரிந்து வாயுவாக மாறி, அதன் அழுத்தத்தால் குண்டு குழல் வழியே வெளியேறுகிறது. மருந்தும் பிரைமரும் எரிந்து தீர்ந்துவிடுகின்றன, குண்டு பறந்துவிடுகிறது. எஞ்சுவது பித்தளைக் கூடு மட்டுமே. நான்கு பகுதிகளில் பொதுவாக விலை அதிகமானதும் அதுதான். விரிசல் இல்லாத கூட்டைச் சுத்தம் செய்து, பழைய பிரைமரை நீக்கி, அச்சில் அழுத்தி முந்தைய அளவுக்குக் கொண்டுவந்து, பலமுறை பயன்படுத்தலாம். மறுநிரப்பலில் கிடைக்கும் சேமிப்பின் பெரும்பகுதி இந்தக் கூட்டிலிருந்தே வருகிறது.

இரு வகை வெடிமருந்துகள்

துப்பாக்கி மருந்து என்றவுடன் பலருக்கு நினைவுக்கு வருவது வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றும் கலந்த கருமருந்து. இன்றைய துப்பாக்கிகளில் பயன்படுவது அதுவன்று. 1884 இல் பிரான்சைச் சேர்ந்த பால் வியேல் என்ற வேதியியலாளர் நைட்ரோசெல்லுலோசை அடிப்படையாகக் கொண்ட புகையற்ற மருந்தை உருவாக்கினார். பஞ்சு அல்லது மரக்கூழின் செல்லுலோசை நைட்ரிக் அமிலத்துடன் வினைபுரியச் செய்து நைட்ரோசெல்லுலோசு பெறப்படுகிறது. இது கருமருந்தைவிட ஆற்றல் மிக்கது; புகையும் குறைவு. கருமருந்துக்காகச் செய்யப்பட்ட பழந்துப்பாக்கியில் புகையற்ற மருந்தை இட்டால் குழல் வெடித்துவிடும் அபாயம் உண்டு. இக்கட்டுரையில் வெடிமருந்து எனக் குறிப்பிடப்படுவது புகையற்ற மருந்தே.

எரிவேகம்

புகையற்ற மருந்துகள் அனைத்தும் ஒரே வேகத்தில் எரிவதில்லை. மணிகளின் உருவம், பருமன், மேற்பூச்சு ஆகியவற்றைப் பொறுத்து வேகம் மாறுபடும். மெல்லிய சுள்ளி சட்டென்று எரிந்து தீர்வதும், தடித்த விறகு நின்று எரிவதும் போன்றதே இது. சிறிய கூட்டுக்கும் எடை குறைந்த குண்டுக்கும் விரைவாக எரியும் மருந்து பொருந்தும். பெரிய கூட்டுக்கும் எடை மிகுந்த குண்டுக்கும் மெதுவாக எரியும் மருந்து பொருந்தும்.

மெதுவாக எரியும் மருந்துக்கு உரிய அளவில் விரைவாக எரியும் மருந்தை இட்டால், குண்டு குழலில் அதிகம் நகருமுன்பே அழுத்தம் அளவுகடந்து உயரும். .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறை வகுத்துள்ள உச்ச அழுத்தமே ஒரு சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. அதாவது காற்று மண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 4,000 மடங்கு. சுடுபவரின் முகம் இந்த அழுத்தத்திலிருந்து ஒரு சாண் தொலைவுக்குள் இருக்கிறது. எனவே, கையிலுள்ள மருந்து எது என்பதை உறுதியாக அறிவது மறுநிரப்பலின் முதல் விதியாகும்.

உபரி மருந்து விற்பனையின் வரலாறு

முதல் உலகப்போருக்குப் பின் எஞ்சிய மருந்தில் பெரும்பகுதி, வாங்குவார் இன்றி எரிக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அவ்வாறே நிகழாமல் போனதில் கான்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜ்டன் என்பவருக்குப் பங்கு உண்டு. அவர் எரிவாயு அடுப்பு முதலிய சாதனங்களை விற்பனை செய்யும் பணியில் இருந்தார். தோட்டா மறுநிரப்பலில் ஆர்வமுடைய அவர், தம் ஆயுள் காப்புறுதியின் மேல் கடன் பெற்று, அரசிடமிருந்து 50,000 பவுண்டு உபரி மருந்தை வாங்கினார். அம்மருந்தின் எண் 4895. அமெரிக்கப் படைவீரர்களின் எம்1 காரண்டு துப்பாக்கிக்கான .30-06 தோட்டாக்களில் பயன்பட்ட மருந்து அது.

வாடகைக்கு எடுத்த மேய்ச்சல் நிலத்தில் கொண்டுவந்து வைக்கப்பட்ட பழைய இரயில் சரக்குப்பெட்டி ஒன்றே அவரது முதல் கிடங்கு. ‘அமெரிக்கன் ரைஃபிள்மேன்’ இதழில் சிறு விளம்பரம் வெளியிட்டு, 150 பவுண்டு கொண்ட பீப்பாய் ஒன்றை 30 டாலருக்கு விற்றார். அவருடைய மனைவியும் இரு மகன்களும் வீட்டிலிருந்தே இவ்வணிகத்துக்கு உதவினர். 1952 இல் இது முறையான நிறுவனமாகப் பதிவாயிற்று.

அடுத்துப் புகழ்பெற்றது 4831 என்னும் எண்ணுடைய உபரி மருந்து. இது 20 மில்லிமீட்டர் ஓர்லிகான் பீரங்கிக் குண்டுகளுக்காகச் செய்யப்பட்டது. மிக மெதுவாக எரிவது. அக்காலத்தில் கடைகளில் கிடைத்த மருந்துகளில் இவ்வளவு மெதுவாக எரிபவை அரிது. .270 வின்செஸ்டர் போன்ற பெரிய கூடுடைய வேட்டைத் தோட்டாக்களுக்கு இது நன்கு பொருந்தியது. வேட்டை எழுத்தாளரான ஜாக் ஓ’கானர் இதைப் பாராட்டி எழுதியதும் இதன் புகழை உயர்த்தியது.

செலவுக் கணக்கு

மருந்தை அளக்கும் அலகு கிரெயின் ஆகும். ஒரு பவுண்டில் 7,000 கிரெயின்கள் உள்ளன. கணக்கை எளிதாக்க, ஒரு தோட்டாவுக்கு 50 கிரெயின் செலவாகிறது எனக் கொள்வோம். (இது கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்; நிரப்ப வேண்டிய அளவன்று.)

7,000 ஐ 50 ஆல் வகுத்தால் 140. அதாவது, ஒரு பவுண்டு மருந்தில் 140 தோட்டாக்களை நிரப்பலாம். 150 பவுண்டு பீப்பாயில் 21,000 தோட்டாக்கள். பீப்பாயின் விலை 30 டாலர் என்றால், பவுண்டு ஒன்றின் விலை 20 சென்ட். ஒரு தோட்டாவுக்கான மருந்தின் செலவு ஒரு சென்டில் ஏழில் ஒரு பங்கு.

இக்கணக்கு இரண்டு செய்திகளைக் காட்டுகிறது. ஒன்று, உபரி மருந்தின் விலை ஏறத்தாழ இலவசம் என்னும் அளவுக்குக் குறைந்திருந்தது. மற்றொன்று, ஒரு தோட்டாவில் மருந்தை இன்னும் சில கிரெயின்கள் கூட்டியோ குறைத்தோ இடுவதால் செலவில் எந்த வேறுபாடும் இல்லை. ஆனால் அந்தச் சில கிரெயின்கள் அழுத்தத்தைப் பெரிதும் மாற்றிவிடும். பணத்தைச் சேமிக்கும் இடம் கூடு. கவனத்தைச் செலவிட வேண்டிய இடம் மருந்து.

ஒரே எண், வேறு மருந்து

கடைகளில் சில்லறையாக விற்கப்படும் மருந்துக்கும் இராணுவ மருந்துக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. சில்லறை மருந்தை வாங்குபவரிடம் அழுத்தத்தை அளக்கும் கருவி இருக்காது; அவர் அச்சிட்ட கையேட்டை நம்பியே நிரப்புகிறார். ஆகவே ஆலைகள் பல தொகுதிகளைக் கலந்து, ஆண்டுதோறும் எரிவேகம் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்கின்றன. இராணுவத் தோட்டா ஆலையின் நிலை வேறு. அங்கு ஒவ்வொரு தொகுதி மருந்தும் வந்தவுடன் சோதனைத் துப்பாக்கியில் சுடப்பட்டு, அழுத்தம் அளக்கப்பட்டு, அதற்கேற்ப நிரப்பும் அளவு மாற்றப்படுகிறது. தொகுதிக்குத் தொகுதி வேகம் சற்று மாறினாலும் ஆலைக்கு இடையூறு இல்லை. அதே மருந்து உபரியாகித் தனிநபரின் மேசைக்கு வரும்போது, அந்தச் சோதனை அதனுடன் வருவதில்லை.

பிற்காலத்தில் விற்கப்பட்ட டபிள்யூ.சி. 852 என்னும் உபரி மருந்து இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒரே பெயருடைய அம்மருந்தில் விரைவாக எரியும் தொகுதிகளும் மெதுவாக எரியும் தொகுதிகளும் இருந்ததால், வணிகர்கள் அவற்றைப் பிரித்தே விற்க வேண்டியிருந்தது.

4831 இன் கதை இதைவிடத் தெளிவானது. உபரி இருப்பு தீர்ந்து வந்தபோது, ஹாட்ஜ்டன் நிறுவனம் அதற்கு இணையான புதிய மருந்தை ஸ்காட்லாந்தில் செய்வித்து எச் 4831 என்ற பெயரில் விற்றது. பின்னாளில் இதன் உற்பத்தி ஆஸ்திரேலியாவுக்கு மாறியது. 1970களில் டூபாண்ட் நிறுவனம் ஐ.எம்.ஆர். 4831 என்ற மருந்தைக் கடைகளுக்குக் கொண்டுவந்தது. எண் ஒன்றே, ஆனால் ஐ.எம்.ஆர். 4831, எச் 4831 ஐவிட விரைவாக எரிவது. பழைய உபரி மருந்துக்கென எழுதிவைத்த உச்ச அளவைப் புதிய ஐ.எம்.ஆர். மருந்துக்கும் பயன்படுத்தினால் அழுத்தம் எல்லை மீறும். எண்ணுக்கு முன்னுள்ள எழுத்துகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என மறுநிரப்பல் கையேடுகள் இன்றும் எச்சரிக்கின்றன. 2003 இல் ஐ.எம்.ஆர். நிறுவனத்தையே ஹாட்ஜ்டன் நிறுவனம் வாங்கிவிட்டது. இருப்பினும், இரு மருந்துகளும் தனித்தனிப் பெயரிலேயே விற்கப்படுகின்றன.

மருந்து கெட்டுப்போதல்

நைட்ரோசெல்லுலோசு காலப்போக்கில் மெல்லச் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளிவிடும். அவை மேலும் சிதைவைத் தூண்டும். இதைத் தடுக்க டைஃபீனைல்அமீன் போன்ற நிலைப்படுத்திகள் சேர்க்கப்படுகின்றன. நிலைப்படுத்தி தீர்ந்தபின் சிதைவு விரைவடைந்து, வெப்பம் உண்டாகி, மருந்து தானே தீப்பிடிக்கவும் கூடும். நல்ல மருந்தில் கரைப்பான் மணம் இருக்கும். காரமான அமில நெடி, செம்பழுப்புத் தூசி அல்லது புகை, டப்பாவின் உட்புறத்தில் துரு ஆகியவை கெட்டுப்போன மருந்தின் அடையாளங்கள். வெப்பமும் ஈரமும் குறைந்த இடத்தில் வைக்கப்பட்ட மருந்து பல பத்தாண்டுகள் கெடாமல் இருந்ததும் உண்டு. ஆனால் உபரி மருந்து விற்பனைக்கு வருமுன் எங்கே, எந்த வெப்பநிலையில் கிடந்தது என்பது வாங்குபவருக்குத் தெரிவதில்லை.

பெரிய அளவில் தேங்கிய உபரி மருந்தின் அபாயத்தை லூசியானா மாநிலத்தின் மிண்டன் ஊர் அருகே 2012 அக்டோபரில் நிகழ்ந்த வெடிப்பு உணர்த்தியது. அங்கு மருந்துக் கிடங்கு ஒன்று வெடித்தபின் நடந்த விசாரணையில், பீரங்கிகளுக்கான எம்6 மருந்து சுமார் 1.5 கோடி பவுண்டு அவ்வளாகத்தில் முறையின்றிக் குவிக்கப்பட்டிருப்பது தெரியவந்தது. அது சிறப்பு உலையில் எரித்து முடிக்கப்பட்டது 2017 இல்தான். விற்பனை செய்ய முடியாத உபரி, இறுதியில் அரசின் செலவிலேயே அழிக்கப்பட்டது.

பாதுகாப்பும் சட்டமும்

அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்க விதிகளின்படி, வீட்டில் 20 பவுண்டு வரையிலான புகையற்ற மருந்தை அதன் மூலக் கொள்கலனிலேயே வைத்திருக்கலாம். அதற்கு மேல் கூடுதல் கட்டுப்பாடுகள் உண்டு. மூலக் கொள்கலனை வற்புறுத்துவதன் காரணம் எளிது. வேறு டப்பாவுக்கு மாற்றிய மருந்தைப் பார்வையால் அடையாளம் காண முடியாது. கருஞ்சாம்பல் நிறமுள்ள சிறு உருளை மணிகள் பல மருந்துகளுக்கும் பொது. பெயர்ச்சீட்டு இல்லாத மருந்தையும், இரு மருந்துகள் கலந்துவிட்டதாக ஐயம் எழும் மருந்தையும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பயன்படுத்தக் கூடாது என்பதே அனுபவமுள்ளோரின் விதி.

மறுநிரப்பலுக்கான சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடும். இந்தியாவில் ஆயுதங்களும் தோட்டாக்களும் 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்துக்கு உட்பட்டவை. உரிய உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது தண்டனைக்குரிய குற்றமாகும்.