வெளிநாட்டு கான்ஃபரன்ஸா? டிக்கெட் போடறதுக்கு முன்னாடி அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனுக்குப் போங்க

போன வருஷம் என் தங்கச்சி ஜெர்மனிக்கு ஒரு கான்ஃபரன்ஸுக்குப் போயிட்டு வந்தா. சென்னைக்குப் பக்கத்துல ஒரு தனியார் பல்கலைக்கழகத்துல உதவிப் பேராசிரியர். கையில வர்ற சம்பளம் 58,000 ரூபாய். பேப்பர் அக்செப்ட் ஆனதும் வீட்டுல ஒரே சந்தோஷம். "செலவை யூனிவர்சிட்டி குடுத்துடும் அண்ணா"ன்னு சொன்னா. நானும் சரின்னு விட்டுட்டேன்.

நாலு மாசம் கழிச்சு போன் பண்ணினா. "அண்ணா, மினிமம் டியூ கரெக்டா கட்டிட்டுதானே இருக்கேன். அப்புறம் எப்படி பேலன்ஸ் குறையவே மாட்டேங்குது?"

ஊருக்கெல்லாம் வீடியோ போடற ஒரு சிஏவோட தங்கச்சி கேட்ட கேள்வி இது. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. தப்பு அவளோடது மட்டும் இல்ல, நான் முதல் நாளே உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கணும். அந்தக் கணக்கை இப்போ உங்களோட போடறேன். பல்கலைக்கழகம், கல்லூரி, ஆராய்ச்சி நிறுவனம்னு எங்க வேலை பார்த்தாலும் இது பொருந்தும்.

அவ செலவு பண்ணது மொத்தம் 2,10,000. பதிவுக் கட்டணம் 48,000, விமான டிக்கெட் 78,000, அஞ்சு நாள் ஹோட்டல் 52,000, விசா, அதோட சர்வீஸ் சார்ஜ், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 14,000, சாப்பாடு, டிராம், டாக்சி 18,000. எல்லாமே ரெண்டு கிரெடிட் கார்டுல.

அஞ்சு மாசம் கழிச்சு அவளுக்குத் திரும்ப வந்தது 1,65,000. மீதி 45,000 எங்க போச்சு? ஹோட்டலுக்கு ஒரு ராத்திரிக்கு 6,000 ரூபாய்தான் உச்சவரம்பாம், அதுல 22,000 போச்சு. விசா கட்டணம் மட்டும்தான் தருவாங்களாம், சர்வீஸ் சார்ஜும் இன்சூரன்ஸும் கிடையாதாம், அதுல 5,000. சாப்பாட்டுக்கும் டாக்சிக்கும் பில் இல்ல, அந்த 18,000 முழுசா போச்சு. எல்லாம் அவங்க விதிப் புத்தகத்துல முன்னாடியே எழுதி இருந்ததுதான். யாரும் அவளை ஏமாத்தல. யாரும் அவகிட்ட சொல்லவும் இல்ல, அவளும் கேட்கல.

இது பாதிக் கதைதான். கிரெடிட் கார்டு வட்டி மாசத்துக்கு 3.5 சதவீதம்னு வெச்சுக்குங்க. 2 லட்சம் பாக்கி நின்னா ஒரு மாச வட்டி 7,000. அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி 1,260. ஆக மாசம் 8,260. மினிமம் டியூங்கறது கார்டு பிளாக் ஆகாம இருக்கறதுக்கான தொகை, அவ்வளவுதான். அதுல பெரும்பகுதியை வட்டியே சாப்பிட்டுடும். இன்னொண்ணு பலருக்குத் தெரியாது: பாக்கி நிற்கிற வரைக்கும் புதுசா வாங்கற மளிகை சாமானுக்குக்கூட வட்டியில்லா நாட்கள் கிடைக்காது, வாங்கின அன்னைலேர்ந்தே வட்டி ஓடும். அவ கட்டின வட்டி 30,000-க்கு மேல. வெட்டுப்பட்ட 45,000-ஐயும் சேர்த்தா ஒரு மாச சம்பளத்தை விட அதிகம், சொந்தக் காசு. அந்த வட்டியை எந்த யூனிவர்சிட்டியும் திருப்பித் தராது.

கேட்க வேண்டிய கேள்விகள்

அனுமதி ஆர்டர் கையில வந்ததும் எல்லாரும் முதல்ல டிக்கெட் ஆப்பைத் திறக்கறாங்க. முதல்ல அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனுக்குப் போங்க. அட்வான்ஸ் உண்டான்னு கேளுங்க. பல இடங்கள்ல உண்டு, ஆனா எழுத்துல கேட்டாதான் வரும். ஹோட்டலுக்கு உச்சவரம்பு எவ்வளவு, சாப்பாட்டுக்கு தினப்படியா இல்ல பில்லா, யூரோவை ரூபாயா மாத்தும்போது எந்தத் தேதி ரேட், பில் கொடுக்க எத்தனை நாள் டைம்னு எல்லாத்தையும் கேட்டு, பதிலை மெயில்ல வாங்கி வெச்சுக்குங்க. வாயால சொன்னவர் டிரான்ஸ்ஃபர் ஆகிட்டா நீங்க அம்போதான்.

டிக்கெட் எங்க போடணும்னும் கேளுங்க. மத்திய அரசு விதிகளைப் பின்பற்றும் நிறுவனங்கள்ல பாமர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி இந்த மூணு ஏஜென்ட் வழியாத்தான் போடணும். வேற ஆப்ல 4,000 ரூபாய் கம்மியா கிடைச்சதுன்னு போட்டு, முழு டிக்கெட் பணமும் சிக்கின ஒருத்தரோட பேப்பர் என் டேபிளுக்கே வந்திருக்கு. அதே விதிகள்ல பயணப்படி பில்லை திரும்பி வந்த 60 நாளுக்குள்ள கொடுத்தாகணும். 2018 வரைக்கும் ஒரு வருஷம் டைம் இருந்தது. பழைய சீனியர்கள் இன்னும் "மெதுவா குடுக்கலாம்பா"ன்னு சொல்வாங்க, கேட்காதீங்க.

போர்டிங் பாஸை விமானத்துலயே விட்டுட்டு வராதீங்க. போனதுக்கும் வந்ததுக்கும் ரெண்டையும் போட்டோ எடுத்து உங்களுக்கே மெயில் பண்ணிடுங்க. தெர்மல் பேப்பர்ல வர்ற பில் ரெண்டு மாசத்துல வெள்ளைத் தாளாகிடும், அதையும் அன்னன்னைக்கே போட்டோ எடுத்துடணும்.

ஒரு சின்ன உள்விஷயம். பதிவுக் கட்டணத்தை ஏன் எப்பவும் உங்களையே கட்டச் சொல்றாங்க தெரியுமா? ஒரு நிறுவனம் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பினா டிடிஎஸ் பிடிக்கணுமான்னு பார்க்கணும், அதுக்கான படிவம் போடணும், சில சமயம் என்னை மாதிரி ஒரு சிஏவோட சான்றிதழும் வேணும். நீங்க தனி ஆளா கட்டினா பெரும்பாலும் இந்தப் படிவமே தேவையில்ல. அவங்களுக்கு வேலை மிச்சம், உங்களுக்கு கார்டு பில். அதனால கட்டணத்துக்கு மட்டுமாவது அட்வான்ஸ் தாங்கன்னு கேட்கறதுல ஒரு நியாயம் இருக்கு, தயங்காம கேளுங்க.

இளம் ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு கதவையும் தட்டிப் பாருங்க. முன்னாடி எஸ்இஆர்பின்னு இருந்து இப்போ ஏஎன்ஆர்எஃப்ல சேர்ந்த அமைப்போட சர்வதேசப் பயண உதவித் திட்டம். ஆனா அங்கயும் முதல்ல உங்க காசு, அப்புறம்தான் அவங்க காசு. கைக்காசு ஏற்பாடு இல்லாம எதுவும் நகராது.

விசாவும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும்

ஷெங்கன் விசாவுக்கு பெரியவங்களுக்கு 90 யூரோ. ஒரு யூரோ 100 ரூபாய்னு வெச்சா 9,000. கிடைக்கலைன்னாலும் திரும்ப வராது. பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடியிலேர்ந்து விண்ணப்பிக்கலாம். முடிவு சொல்ல சாதாரணமா 15 நாள், சில கேஸ்ல 45 நாள் வரைக்கும் இழுக்கும். குறைஞ்சது 30,000 யூரோ கவரேஜ் உள்ள பயண இன்சூரன்ஸ் கட்டாயம்.

இதுல நம்ம பசங்க பண்ற பெரிய தப்பு ஒண்ணு இருக்கு. விசாவுக்கு ஒரு வாரம் முன்னாடி மச்சான்கிட்ட 3 லட்சம் கைமாத்து வாங்கி அக்கவுண்ட்ல போட்டு ஸ்டேட்மென்ட் எடுக்கறது. மூணு மாச ஸ்டேட்மென்ட் பார்க்கறவங்களுக்கு அது பளிச்சுனு தெரியும். அதுக்குப் பதிலா பல்கலைக்கழகம் செலவை ஏத்துக்கறதா லெட்டர்ஹெட்ல ஒரு கடிதம், அனுமதி ஆர்டர், சம்பளச் சீட்டு, ஐடிஆர் எல்லாம் சுத்தமா வைங்க. உங்க உண்மையான சம்பளமே போதுமான சாட்சி.

கையில என்ன எடுத்துட்டுப் போறது

கிரெடிட் கார்டுல வெளிநாட்டுச் செலவுக்கு 2-லேர்ந்து 3.5 சதவீதம் வரைக்கும் மார்க்-அப், அது மேல ஜிஎஸ்டி. 50,000 ரூபாய் பதிவுக் கட்டணத்துக்கு 3.5 சதவீதம்னா 1,750, ஜிஎஸ்டி 315, ஆக 2,065. யூனிவர்சிட்டி பல சமயம் ரசீதுல இருக்கற யூரோவுக்குத்தான் ரூபாய் தரும், இந்த 2,065 உங்க தலையில. ரசீதோட கார்டு ஸ்டேட்மென்ட் நகலையும் வெச்சுக் கேளுங்க. சில இடங்கள்ல ஒத்துக்கறாங்க.

தினசரிச் செலவுக்கு ஃபாரெக்ஸ் கார்டு நல்லது. வாங்கற அன்னைக்கே ரேட் முடிவாகிடும், பில்லுக்கும் ஒரே ரேட் காட்டலாம். 1 லட்சம் ரூபாய்க்கு யூரோ வாங்கினா ஜிஎஸ்டி 180 ரூபாய்தான், இதுக்குப் பயப்பட வேண்டாம். 50,000-க்கு மேலன்னா பணமா கொடுத்து வாங்க முடியாது, அக்கவுண்ட்லேர்ந்துதான் போகணும். நோட்டா பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்புக்கு மேல எடுத்துட்டுப் போகக் கூடாது. அவ்வளவு தேவையும் படாது, ஒரு 200 யூரோ போதும்.

அங்க கடையில மெஷின் "ரூபாய்ல கட்டறீங்களா, யூரோல கட்டறீங்களா"ன்னு கேட்கும். ரூபாயைப் பார்த்ததும் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருக்கும். யூரோவையே அழுத்துங்க. ரூபாய்ல அழுத்தினா அவங்க வெச்ச ரேட்தான்.

எல்லாரும் கேட்கற கேள்வி, டிசிஎஸ் பிடிப்பாங்களா? 2025 ஏப்ரல்லேர்ந்து வருஷத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரைக்கும் இல்ல. அதுக்கு மேல போனாதான் இந்த மாதிரிப் பயணச் செலவுக்கு 20 சதவீதம். அதே வருஷத்துல அமெரிக்கப் பங்குல பணம் போட்டிருந்தா அதுவும் இந்த 10 லட்சத்துல சேரும், மறந்துடாதீங்க. பிடிச்சாலும் ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம். ஆபீஸ்ல அதுக்கான படிவம் கொடுத்தா சம்பள டிடிஎஸ்லயே குறைச்சுப்பாங்க. உங்களை டெபியூட் பண்ணி செலவை நிறுவனமே ஏத்துக்கிட்டா, அது உங்க எல்ஆர்எஸ் கணக்குலயே வராது.

வரி

செலவுக்குத் திரும்ப வர்ற பணம் உங்க வருமானம் இல்ல. தினப்படியும், வேலைக்காக உண்மையில செலவான அளவுக்கு வரி இல்லாதது. புது வரி முறையிலயும் இந்தச் சலுகை இருக்கு. "நியூ ரெஜிம்ல ஒண்ணும் கிடையாது"ன்னு பொத்தாம்பொதுவா சொல்றதை நம்பாதீங்க. மிச்சம் பிடிச்ச படிக்கு மட்டும் வரி வரும். ஆனா சில ஆபீஸ்ல இந்தப் பணத்தை சம்பளச் சீட்டுல "இன்சென்டிவ்"னு போட்டு டிடிஎஸ் பிடிச்சுடறாங்க. என் தங்கச்சிக்கு அதுவும் நடந்தது. 1,65,000-மும் சீட்டுல சம்பளமா ஏறி இருந்தது. பில்லெல்லாம் போட்டோவா இருந்ததால மார்ச் முடியறதுக்குள்ள திருத்த வெச்சோம். அந்த மாசச் சீட்டைப் பாருங்க, ஜூன்ல டிடிஎஸ் சான்றிதழ் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க.

வருஷத்துல வெளிநாட்டுப் பயணத்துக்கு உங்க காசு 2 லட்சத்துக்கு மேல செலவாகி இருந்தா, வருமானம் வரம்புக்குக் கீழ இருந்தாலும் ரிட்டர்ன் போட்டே ஆகணும். அங்க லெக்சர் கொடுத்து 300 யூரோ சன்மானம் வாங்கினீங்கன்னா, நீங்க இந்தியாவுல ரெசிடென்ட்டா இருக்கறதால அதுவும் இங்க வருமானம்தான். ஐடிஆர்-1 போட முடியாது, ஐடிஆர்-2 போகணும். அங்க வரி பிடிச்சிருந்தா அதுக்கான ஃபார்ம் போட்டு கழிச்சுக்கலாம். ஆறு மாச ஃபெல்லோஷிப்னு போய் அங்க பேங்க் அக்கவுண்ட் திறந்தவங்க, அதுல 10 யூரோ கிடந்தாலும் ஷெட்யூல் எஃப்ஏல காட்டணும். கிளம்பும்போது மூடிட்டு, மூடின லெட்டரை வாங்கிட்டு வந்துடுங்க. அந்த வருஷத்துக்கு மட்டும் காட்டினா போதும்.

"அப்படியே ரெண்டு நாள் சுவிட்சர்லாந்து பார்த்துட்டு வந்துடறேன்"னு நினைக்கறவங்க அனுமதிக் கடிதத்துலயே அந்தத் தேதிகளைச் சேர்த்து, அந்த நாளுக்கு லீவும் எழுதிக் கொடுங்க. கான்ஃபரன்ஸ் முடிஞ்சு மூணு நாள் கழிச்சு இருக்கற ரிட்டர்ன் டிக்கெட்டைப் பார்த்தா ஆடிட்ல கேள்வி வரும். இன்சூரன்ஸும் அந்த நாட்களுக்குச் சேர்த்து எடுங்க.

திரும்பி வந்ததும் மிச்ச யூரோவை டிராயர்ல போட்டு மறந்துடாதீங்க. 2,000 டாலர் மதிப்பு வரைக்கும் நோட்டா வெச்சுக்கலாம், அதுக்கு மேல இருந்தா 180 நாளுக்குள்ள மாத்திடணும்.

தங்கச்சி அடுத்த மார்ச்ல சிங்கப்பூர் போறா. இந்தத் தடவை அட்வான்ஸ் லெட்டர் போன திங்கக்கிழமையே கொடுத்துட்டா. கேட்டது 1,20,000, இன்னும் பதில் வரல. வர்ற வரைக்கும் டிக்கெட் போடக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். அவ கொடுத்த லெட்டரோட மாதிரியை இந்த வார வீடியோவுக்குக் கீழ போட்டிருக்கேன், பேரை மாத்தி எடுத்துக்கோங்க.